பழைய கார் வயரிங்கா, இன்றைய கேன் பஸ் வயரிங்கா: எது உண்மையில் நம்பகம்?

#1 நாலாம்கியர்

ஒரு பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: "அந்தக் காலத்துக் கார்ல நாலு வயர், ரெண்டு ஃப்யூஸ். எது போனாலும் டெஸ்ட் லேம்ப் வச்சுப் பிடிச்சுடலாம். இப்ப கண்ணாடி இறங்கலேன்னாலும் ஸ்கேனர் கேக்குது."

இது சரிசெய்வது எவ்வளவு சுலபம் என்பதைப் பற்றிய பேச்சு. எது அடிக்கடி கெடுகிறது என்பது வேறு கேள்வி, அதற்குத்தான் எனக்குப் பதில் வேண்டும். இன்சுலேஷன், கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளக்), ஃப்யூஸ், ரிலே (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), கேன் (வண்டியில் உள்ள கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இரண்டு வயர் இணைப்பு) என எதில் யாருக்கு அனுபவமோ அதைப் பற்றி எழுதுங்கள். கம்பெனிச் சண்டை மட்டும் வேண்டாம்.

#2 டைனமோதாசன்

"பழையது" என்றால் எந்தப் பழையது என்று முதலில் முடிவு செய்வோம்.

அமெரிக்கப் பொறியாளர் கெட்டரிங் வடிவமைத்த செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912 காடிலாக்கில் வந்தது. காரில் பெரிய பேட்டரியும் தடித்த கேபிளும் நிரந்தரமாகக் குடியேறியது அதற்குப் பிறகுதான். அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குப் பெரும்பாலான கார்கள் 6 வோல்ட். ரப்பர் இன்சுலேஷன், அதன் மேல் பருத்தி நூல் பின்னல். ரப்பர் சூட்டில் இறுகி வெடிக்கும், எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். பின்னல் மட்டும் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே கம்பி அம்மணமாகக் கிடக்கும்.

6 வோல்ட்டின் உண்மையான தொல்லை கணக்கில் தெரியும். ஒரு கப்ளரில் 0.1 ஓம் மின்தடை ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 வாட் விளக்கு 6 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் இழுக்கும். அந்த ஒரு இடத்திலேயே 0.75 வோல்ட் போய்விடும், அதாவது எட்டில் ஒரு பங்கு. அதே விளக்கு 12 வோல்ட்டில் 3.75 ஆம்பியர்தான் இழுக்கும். இழப்பு 0.375 வோல்ட், மொத்தத்தில் 3 சதவீதம். வோல்ட்டேஜை இரட்டிப்பாக்கினால் அதே கெட்ட இணைப்பின் பாதிப்பு நான்கில் ஒன்றாகிறது. 1950களில் அமெரிக்கக் கார்கள் 12 வோல்ட்டுக்குப் போனதற்குப் பெரிய எஞ்சினைச் சுற்றும் தேவை ஒரு காரணம், இது இன்னொரு காரணம். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1960களின் பின்பாதி வரை 6 வோல்ட்டை விடவில்லை.

ஃப்யூஸ் விஷயத்துக்கு வருகிறேன். அக்காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் கண்ணாடி ஃப்யூஸ் இரண்டே இரண்டு. ஹெட்லைட் சர்க்கிட்டுக்கு ஃப்யூஸே கிடையாது. எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வயர் எங்காவது பாடியில் உரசினால் ஃப்யூஸ் போகாது, ஹார்னெஸே (மொத்த வயர்க் கட்டே) எரியும். இதை நம்பகம் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோவும் அப்படியே. ஐடிலில் சார்ஜ் ஏறாது, கட்-அவுட் பாயின்ட் கருகி ஒட்டிக்கொள்ளும். சிலிக்கான் டயோடு மலிவானதும் ஆல்டர்நேட்டர் வந்தது. 1960 கிரைஸ்லர் வேலியன்ட்டில் அதைப் பார்க்கலாம்.

#3 செம்புக்கம்பி

டைனமோதாசன் ஐயா சொன்ன அந்த 0.1 ஓமிலிருந்தே தொடங்குகிறேன், முழு விஷயமும் அதில்தான் அடங்கியிருக்கிறது. மடங்காத இடத்தில், உரசாமல் கட்டப்பட்ட செம்புக் கம்பி தானாகக் கெடாது. கெடுவது அதன் முனைகள். பின், சாக்கெட், லக், எர்த் போல்ட். எந்தக் காலத்துக் காரானாலும் முதல் சந்தேகம் அங்கேதான்.

எப்படிக் கெடுகிறது என்பதில் பலருக்குக் குழப்பம். தண்ணீர் புகுந்து பச்சையாகக் களிம்பு ஏறினால் எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்று. கப்ளர் பின்னுக்கு மேல் வெள்ளீயப் பூச்சு இருக்கும். எஞ்சின் அதிர்விலும், சூடேறி ஆறுவதிலும் பின்னும் சாக்கெட்டும் மைக்ரான் கணக்கில் முன்னும் பின்னும் உரசும். ஒவ்வொரு உரசலிலும் துளி வெள்ளீயம் தேய்ந்து, காற்று பட்டு ஆக்சைடாகி, அதே இடத்தில் தூளாகச் சேரும். அந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்தாது. கழற்றிப் பார்த்தால் பின் பளபளப்பாக இருக்கும், நடுவில் ஒரு சின்னக் கருப்புப் புள்ளி மட்டும். கழற்றி மாட்டியதும் தூள் நகர்ந்து கோளாறு மறைந்துவிடும். "கப்ளரைப் பிடுங்கிக் குத்தினேன், சரியாயிடுச்சு" என்பதன் காரணம் இதுதான். சில மாதத்தில் திரும்பி வரும்.

ஹெட்லைட்டுக்குப் போகும் பெரிய கரன்ட் மெல்லிய ஆக்சைடைச் சுட்டுத் துளைத்துவிடும். சென்சாருக்குப் போவது சில மில்லிஆம்பியர், அதனால் துளைக்க முடியாது. காற்றுப்பை, ஏபிஎஸ் போன்ற முக்கியமான சர்க்கிட்டுகளில் தங்கப் பூச்சுப் பின் வைப்பது இதற்காகத்தான். தங்கப் பின்னுக்கு எதிரில் வெள்ளீயச் சாக்கெட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். வெள்ளீயம் தங்கத்தின் மேல் ஒட்டி அங்கேயே ஆக்சைடாகும். இரண்டும் வெள்ளீயமாக இருப்பதே மேல்.

இதிலிருந்து கிளைக்கும் ஒன்று: பழைய காரில் 21 வாட் பல்புக்குப் பதில் எல்இடி போட்டால், நாளடைவில் பிரேக் ஸ்விட்ச் விட்டுவிட்டு வேலை செய்யலாம். எல்இடி மேல் தப்பில்லை. அந்த ஸ்விட்ச்சின் கான்டாக்ட் இத்தனை காலமும் 1.75 ஆம்பியரின் சின்னத் தீப்பொறியில் தன்னைத்தானே சுத்தம் செய்துகொண்டிருந்தது.

#4 ரிலே_87

அண்ணே, கம்பி கெடாதுன்னு ஒரேயடியா சொல்ல வேணாம். மடங்காத இடத்துலன்னு நீங்களே ஒரு நிபந்தனை போட்டுருக்கீங்க, நான் அந்த மடங்குற இடத்தைப் பத்திச் சொல்றேன். கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் குழாயைத் திறந்து பாருங்க. கதவு திறக்குற ஒவ்வொரு தடவையும் அங்க மடியுது. டிக்கி கீல் பக்கமும் அதே கதை. இன்சுலேஷன் முழுசா இருக்கும், உள்ள இழை ஒண்ணொண்ணா அறுந்துட்டே வரும். ஒவ்வொரு வயரையும் ரெண்டு விரல்ல பிடிச்சு மெதுவா இழுங்க. உள்ள அறுந்த வயர் ரப்பர் மாதிரி நீளும்.

அந்த இடத்துல ஒட்டுப் போடுறவங்க பெரும்பாலும் ரப்பர் குழாய்க்கு உள்ளயே போட்டுடுறாங்க. ஒட்டு இருக்கிற இடம் விறைப்பா இருக்கும், அதுக்குப் பக்கத்துல சீக்கிரமே அறுந்துடும். செய்ய வேண்டியது: கதவுக்குள்ள ஒரு ஒட்டு, பாடிக்குள்ள ஒரு ஒட்டு, நடுவுல மடியுற துண்டு முழுக்க புது வயர். இழை மெல்லிசா, எண்ணிக்கை அதிகமா இருக்கிற வயரா வாங்குங்க.

நாலாம்கியர் கேட்டதுக்கு நேரா வர்றேன். கேன் வந்ததால இணைப்பு கூடலை, குறைஞ்சது. பழைய முறையில டிரைவர் கதவு ஸ்விட்ச்ல இருந்து நாலு கண்ணாடி, நாலு பூட்டு, ரெண்டு மிரருக்கும் தனித்தனியா வயர் போகணும். இப்ப கதவு மாட்யூலுக்கு (கதவுக்குள்ள இருக்கிற சின்னக் கணினிக்கு) ஒரு பிளஸ், ஒரு எர்த், ரெண்டு கேன் வயர், அவ்வளவுதான். பழைய முறையிலேயே இன்னிக்கு இருக்கிற வசதி எல்லாத்தையும் கொடுத்திருந்தா அந்தக் கீல் வழியா ஹார்னெஸே நுழைஞ்சிருக்காது. பிரச்சினை வேற: வயர் குறைஞ்ச வேகத்தைவிட வசதி கூடின வேகம் அதிகம். பெரிய சொகுசுக் கார்கள்ல ஹார்னெஸ் எடை 50 கிலோவைத் தாண்டுது.

ஒண்ணு கவனிங்க, இத்தனை ரோபோ இருந்தும் ஹார்னெஸை இன்னும் பெரும்பாலும் கையாலதான் பலகை மேல விரிச்சுக் கட்டுறாங்க. ஹார்னெஸ் கட்டி அனுப்பிட்டு இருந்த உக்ரைன்ல 2022ல போர் வந்ததும் ஐரோப்பாவுல சில கார் ஃபேக்டரிகள் நின்னது இதனாலதான்.

#5 நாலாம்கியர்

மடியும் இடம் பற்றிச் சொன்னது பயனுள்ளது. ஒட்டு என்று வந்ததால் கேட்கிறேன்: சால்டரா (ஈயம் உருக்கி ஒட்டுவது), கிரிம்ப்பா (டெர்மினலை வயர் மேல் அழுத்திப் பிடிக்க வைப்பது)?

#6 செம்புக்கம்பி

கிரிம்ப். சரியான பிளையரில் அழுத்தினால் இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி இடையில் காற்றே இல்லாமல் போகும், ஆக்சைடு ஏற இடமிருக்காது. சால்டர் வைத்தால் உருகிய ஈயம் இன்சுலேஷனுக்குள் சில மில்லிமீட்டர் ஏறி அந்தத் துண்டை ஒற்றைக் கம்பியாக்கிவிடும். அதன் விளிம்பில் அதிர்வு முழுதும் குவியும், அங்கேதான் அறும்.

ஆனால் "சரியான பிளையர்" என்பதில் சமரசம் கூடாது. சிவப்பு, நீலம், மஞ்சள் உறை போட்ட லக்கைச் சாதாரணக் கட்டிங் பிளையரால் நசுக்குவது கிரிம்ப் இல்லை. திறந்த வாய் டெர்மினலில் இரண்டு ஜோடிக் காதுகள் இருக்கும். முன் ஜோடி செம்பைப் பிடிக்க, பின் ஜோடி இன்சுலேஷனைப் பிடிக்க. பின் ஜோடியை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. அழுத்திய பிறகு கையால் இழுத்துப் பாருங்கள், 1 சதுர மி.மீ. வயர் கையிழுப்புக்கெல்லாம் வரக்கூடாது.

வயரை வெட்டாமல் மேலே கவ்விக் கிளை எடுக்கும் பிளாஸ்டிக் கிளிப்பை எஞ்சின் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள். அதன் கத்தி சில இழைகளை அறுக்கும், திறந்த வாயில் ஈரம் புகும். வண்டி வாங்கிய பிறகு போட்ட ரிவர்ஸ் கேமரா, டிராக்கர், இசைப்பெட்டி இவற்றோடு வந்த கிளிப்புகளை அகற்றினாலே பல மர்மக் கோளாறுகள் தீரும்.

#7 டைனமோதாசன்

சால்டரை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். டாஷ்போர்டுக்குள், அதிர்வு குறைந்த இடத்தில், ஒட்டின் இருபுறமும் 3 செ.மீ. தாண்டி உள்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, ஹார்னெஸோடு சேர்த்துக் கட்டினால் அது நிற்கும். அமில ஃப்ளக்ஸ் மட்டும் கூடாது, ரோசின்தான். மோசமான கிரிம்ப்பைவிட நல்ல சால்டர் மேல்.

#8 ஓம்விதி

இணைப்புதான் கெடுகிறது என்று ஒப்புக்கொண்டால் அதைக் கண்டுபிடிக்கும் முறையும் அதற்கேற்ப மாற வேண்டும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து வயரைச் சோதிப்பவர்கள் ஏமாறுவார்கள். 20 இழையில் 19 அறுந்து ஒன்றே மிச்சமிருந்தாலும் மீட்டர் 0.1, 0.2 ஓம் என்று காட்டும், பீப் சத்தமும் வரும். மீட்டர் அனுப்பும் கரன்ட் அவ்வளவு சிறியது. சுமை ஏறினால்தான் வேஷம் கலையும்.

செய்ய வேண்டியது வோல்ட்டேஜ் டிராப் சோதனை. சர்க்கிட்டை ஓட விடுங்கள். மீட்டர் டிசி வோல்ட்டில். ஒரு முனை பேட்டரி மைனஸ் கம்பத்தில் (கிளாம்ப்பில் இல்லை, கம்பத்தில்), மறுமுனை விளக்கின் எர்த் பின்னில். 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் சரியில்லை. அடுத்து பிளஸ் பக்கம் அதேபோல். பேட்டரியிலிருந்து விளக்கு நோக்கி ஒவ்வொரு கப்ளராக நகருங்கள், எந்த இடத்தில் எண் சட்டென்று குதிக்கிறதோ அங்கே கோளாறு. வண்டியின் சுமையை இயக்க முடியாவிட்டால் கப்ளரைக் கழற்றி 21 வாட் பல்பை மாட்டி அளக்கலாம். ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), காற்றுப்பை வயர்களில் மட்டும் பல்ப் வேண்டாம். காற்றுப்பையின் மஞ்சள் கப்ளரை ஓம் மீட்டரால்கூடத் தொடாதீர்கள்.

செல்ஃப் மோட்டாருக்கு அளவு வேறு. கிராங்க் செய்யும்போது எஞ்சின் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.2 வோல்ட் வரை விடலாம், பிளஸ் கேபிள் முழுதுக்கும் 0.5. 200 ஆம்பியர் போகும் இடத்தில் 2 மில்லிஓம் மின்தடையே 0.4 வோல்ட்டைத் தின்னும். எஞ்சின் எர்த் பட்டை அறுந்திருந்தால் அந்தக் கரன்ட் ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்தவுடன் கேபிள் சுட்டால் கேபிளை மாற்றாதீர்கள், எர்த் பட்டையைப் பாருங்கள்.

ஹெட்லைட் மங்கலுக்கும் இதே கணக்கு. இரண்டு 55 வாட் பல்பு, சுமார் 9 ஆம்பியர். 1 சதுர மி.மீ. செம்பு மீட்டருக்கு 18 மில்லிஓம். 4 மீட்டர் ஓட்டத்தில் வயரில் மட்டும் 0.65 வோல்ட் போகும். ஸ்விட்ச், கப்ளர், எர்த் எல்லாம் சேர்ந்து 10 சதவீதம் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். ரிலே வைத்து 2.5 சதுர மி.மீ. வயரில் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால் வயர் இழப்பு 0.26 வோல்ட்டுக்கு இறங்கும். பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ், மறக்கக் கூடாது.

#9 ரிலே_87

அந்த ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர்னு அடுத்து யாராவது கேப்பாங்க. ஃப்யூஸ் காப்பாத்துறது வயரை. பல்பு, மோட்டாரை இல்ல. பிளேடு ஃப்யூஸ் 110 சதவீதக் கரன்ட்டை மணிக்கணக்கா தாங்கும். 135 சதவீதத்துல போறதுக்கு 10 நிமிஷம் வரை எடுத்துக்கலாம். அதாவது மஞ்சள் 20 ஆம்பியர் ஃப்யூஸ் 27 ஆம்பியரை 10 நிமிஷம் விடும். அந்த 10 நிமிஷத்தை வயர் தாங்கணும். 0.5 சதுர மி.மீ. வயர்ல அதைப் போட்டா புகைதான். சிவப்பு 10 அடிக்கடி போகுதுன்னு நீலம் 15 போடுறவங்களுக்கும் இதே பதில்.

ரிலே விஷயம்: 30 பேட்டரி வரவு, 87 சுமைக்கு, 85, 86 காயில். 87ஏ-ன்னு அஞ்சாவது கால் இருந்தா அது ரிலே ஓய்வுல இருக்கும்போது 30-ஓட சேர்ந்திருக்கும், அதை 87-ன்னு நினைச்சு இணைச்சா விளக்கு தலைகீழா எரியும். காயிலை ஆஃப் பண்றப்ப நூறு வோல்ட்டுக்கு மேல எதிர்வோல்ட்டேஜ் எழும். பழைய ஸ்விட்ச் தாங்கும், ஈசியூவோட டிரான்சிஸ்டர் தாங்காது. அதனால டயோடு இல்ல ரெசிஸ்டர் வச்ச ரிலே போடணும். டயோடு வச்சதுல பெரும்பாலும் 86தான் பிளஸ், ஆனா மூடியில இருக்கிற படத்தைப் பாத்துட்டே மாட்டுங்க. மாத்திக் கொடுத்தா நேரா ஷாட்.

டைனமோ காலத்துப் பழக்கம் ஒண்ணு இன்னும் சாகலை: வண்டி ஓடும்போதே பேட்டரி கிளாம்ப்பைக் கழட்டி "சார்ஜிங் இருக்கா"ன்னு பாக்குறது. ஆல்டர்நேட்டர் சுமையோட இருக்கும்போது பேட்டரி விலகினா அடக்க எதுவும் இல்லாத சிஸ்டத்துல 80, 100 வோல்ட் வரை எகிறும், சில நூறு மில்லிசெகண்ட் நிக்கும். மீட்டரை வச்சு 13.8-ல இருந்து 14.5 வருதான்னு பாத்தா வேலை முடிஞ்சது. புது வண்டிகள்ல ஈசியூவே ஆல்டர்நேட்டரை ஏத்தி இறக்கும், 12.6 காட்டினாலும் உடனே குற்றம் சொல்லாதீங்க. ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டுத் திரும்பப் பாருங்க.

#10 நாலாம்கியர்

நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்குவதை இதே முறையில் பிடிக்க முடியுமா?

#11 ஓம்விதி

முடியும், ஃப்யூஸைப் பிடுங்காமலே. பிடுங்கினால் தூங்கிய மாட்யூல் விழித்துக்கொள்ளும், அளவு பொய்யாகும். பானட்டைத் திறந்து, லாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடியதுபோல் தள்ளி, வண்டியைப் பூட்டி, 30 முதல் 40 நிமிடம் காத்திருங்கள். பிறகு ஒவ்வொரு ஃப்யூஸின் முதுகில் உள்ள இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மில்லிவோல்ட் அளங்கள். 10 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸின் மின்தடை 7, 8 மில்லிஓம். 1 மில்லிவோல்ட் காட்டினால் ஏறத்தாழ 130 மில்லிஆம்பியர் போகிறது. மொத்தம் 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. 500 இருந்தால் 45 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாள்கூடத் தாங்காது.

கேன் பற்றியும் இங்கேயே எழுதிவிடுகிறேன். பாஷ் 1986-இல் வெளியிட்டது, ஐஎஸ்ஓ 11898 ஆனது 1993-இல். முறுக்கிய இரண்டு வயர். ஓய்வில் இரண்டும் 2.5 வோல்ட், பேசும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். வெளிச் சத்தம் இரண்டு வயரிலும் ஒரேபோல் ஏறுவதால் வித்தியாசம் மாறுவதில்லை. பழைய ஒற்றை வயர் சிக்னல் எதற்கும் இந்தத் தற்காப்பு கிடையாது.

இரு கோடியிலும் 120 ஓம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி கப்ளரின் 6, 14 பின்களுக்கு நடுவே அளந்தால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தால் இரண்டு வயரும் ஷாட், அல்லது ஒரு மாட்யூல் உள்ளே எரிந்திருக்கிறது. மாட்யூலை ஒவ்வொன்றாகக் கழற்றி 60 திரும்பும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கேட்வே (பஸ்களுக்கு நடுவே செய்தியைக் கடத்தும் மாட்யூல்) வைத்த வண்டிகளில் ஓபிடியில் தெரிவது கேட்வே வரைதான், உள்ளே இருக்கும் மற்ற பஸ்களைத் தனியாக அளக்க வேண்டும். ஒட்டுப் போட்டால் முறுக்கைக் கலைக்கும் நீளம் 5 செ.மீ.க்குள் இருக்கட்டும்.

பழையதா, புதியதா என்ற கேள்விக்கு இதுதான் என் விடை: கேன் தானாகக் கெடுவது அரிது. கெட்டால் மட்டும் ஒரு வயரின் கோளாறு பத்து மாட்யூலின் கோளாறாக வெளியே தெரியும். ஸ்கேனரில் இருபது கோட் வந்தால் இருபது பாகம் கெடவில்லை, எல்லாருக்கும் பொதுவான ஃப்யூஸையோ எர்த்தையோ பஸ்ஸையோ தேடுங்கள்.

#12 டைனமோதாசன்

புதியதற்கு அவ்வளவு சான்றிதழ் வேண்டாம். 1990களின் முதல் பாதியில் வந்த சில மெர்சிடிஸ் மாடல்களில் எஞ்சின் ஹார்னெஸின் இன்சுலேஷன் சூட்டில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதே கம்பெனியின் பழைய பிவிசி ஹார்னெஸ்கள் இன்றும் வளைந்துகொடுக்கின்றன. எந்த ஆண்டுக் கார் என்பதைவிட எந்தப் பிளாஸ்டிக் என்பதே கேள்வி.

இன்சுலேஷன் மெலிந்துகொண்டே வருவதும் உண்மை. எடை குறைய வேண்டும் என்று மெல்லிய சுவர் வயர் போடுகிறார்கள். குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன் சூட்டைப் பிவிசியைவிட நன்றாகவே தாங்கும், கூர்மையான தகர விளிம்பில் உரசல் மட்டும் இரண்டுக்கும் எமன். எலிக்கு எந்தப் பிளாஸ்டிக்கும் ஒன்றுதான். வளர்ந்துகொண்டே இருக்கும் பல்லைத் தேய்க்க அதற்கு ஏதாவது வேண்டும். ஹோண்டா மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பே விற்கிறது.

#13 ரிலே_87

இழை வழியா திரவம் ஏறுறதையும் சேத்துக்கோங்க. ஆயில் பிரஷர் ஸ்விட்ச் உள்ள கசிஞ்சா, எண்ணெய் வயரோட இழைகளுக்கு நடுவுல ஊர்ந்து ஒரு மீட்டர் தள்ளி ஈசியூ கப்ளருக்கே வந்துடும். ஈசியூ கப்ளர்ல எண்ணெய் ஈரம் இருந்தா அங்க துடைச்சுட்டு விடாதீங்க, மறுமுனையில இருக்கிற சென்சாரைப் பாருங்க.

#14 நாலாம்கியர்

48 வோல்ட் வந்தால் டைனமோதாசன் சொன்ன நான்கில் ஒரு பங்கு லாபம் மறுபடியும் இரண்டு தடவை கிடைக்குமே? ஏன் எல்லோரும் போகவில்லை?

#15 செம்புக்கம்பி

லாபம் உண்டு. 600 வாட் ஃபேன் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர், 48-இல் 12.5. 1990களின் இறுதியில் 42 வோல்ட் என்று ஒரு முயற்சி நடந்து, 2001 டொயோட்டா க்ரவுனில் வந்து, பிறகு அடங்கிப்போனது. செலவு ஒரு காரணம், தீப்பொறி இன்னொன்று. 12 வோல்ட்டில் கான்டாக்ட் பிரியும்போது ஆர்க் தானாக அணையும். 40-ஐத் தாண்டினால் அது நின்று எரிந்து கான்டாக்ட்டையே தின்னும். சுமையோடு கப்ளரைக் கழற்றினால் பின் கருகும், லூஸ் கான்டாக்ட் தீயாகும். ரிலேக்குப் பதில் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் ஸ்விட்ச் மலிவான பிறகே இதைத் தொட முடிந்தது. 2023-இல் வந்த டெஸ்லா சைபர்டிரக் பெரும்பகுதியை 48-க்கு மாற்றியது. 60 வோல்ட் டிசிக்குள் இருப்பதால் மின்சாரக் கார்களின் உயர் வோல்ட்டேஜ் ஆரஞ்சு கேபிளுக்கான தொடுபாதுகாப்பு விதிகள் இதற்கு வேண்டியதில்லை.

இரண்டு வோல்ட்டேஜும் ஒரே ஹார்னெஸில் ஓடும் வண்டிகளில் 48 வயர் உரசி 12-ஐத் தொட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. அவற்றைத் தனித்தனி உறையில் ஓட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

#16 மூணாவதுபல்பு

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். அந்தப் பின் உரசல் கோளாறுக்குக் கப்ளரில் கிரீஸ் வைக்கலாமா? கடத்தாத கிரீஸ் வைத்தால் கரன்ட் எப்படிப் போகும்?

#17 செம்புக்கம்பி

வைக்கலாம். பின் அழுத்தும் புள்ளியில் கிரீஸ் நசுங்கி விலகிவிடும், உலோகம் உலோகத்தைத் தொடும். சுற்றிலும் நிற்கும் கிரீஸ் காற்றையும் ஈரத்தையும் தடுக்கும். எலெக்ட்ரிக்கல் கப்ளருக்கென்று வரும் சிலிக்கான் கிரீஸ், மிளகு அளவு. நிரப்பி அடைத்தால் சீல் செய்த கப்ளர் கடைசி வரை பூட்டாது. செம்புத் தூள் கலந்த கிரீஸ் வேண்டவே வேண்டாம், பக்கத்துப் பின்னோடு பாலம் போட்டுவிடும்.

ஆனால் முதலில் சாக்கெட்டின் பிடியைச் சோதியுங்கள். அதே அளவுப் பின் ஒன்றைத் தனியாகச் செருகி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அதற்குக் கிரீஸ் உதவாது, டெர்மினலையே மாற்ற வேண்டும்.